அண்ணல் அம்பேத்கரும் தொழிற்கல்வி உதவித்தொகையும்

குண்டனி நாட்டில் நம் மக்கள் வாழும் தெருக்களில் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் திருவுருவப் படம் இல்லாத வீடுகள் குறைவு. நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையிலே தடித்ததொரு நூல்; அதுவே நாம் அறிந்த அம்பேத்கர். அரசியல் சட்டம் வகுத்த மேதை என்று நம் வீட்டுச் சிறுவரும் சொல்வர். ஆயினும், இரயில்வே பட்டறையிலும் அரசாங்க அச்சகத்திலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழக இடம் வேண்டும் என்று வைசிராயிடம் மனு எழுதிக் கொடுத்தவரும் அவரே என்பதை அறிந்தோர் மிகச் சிலர். நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவரது வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து சிறிது எழுதிப் பார்ப்பது பொருத்தமாகும் என்று எண்ணினேன்.

அவ்வாறு எண்ணியதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு தேறி ஐ.டி.ஐ.யில் பிட்டராகவோ எலக்ட்ரீசியனாகவோ சேர்ந்த பிள்ளையைப் பார்த்து, இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஆகவே கைத்தொழிலுக்குப் போனான் என்று நம்மவரே பேசுகின்றனர். மேனிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு எடுத்த மாணவியும், கல்லூரி என்பது தனக்கு உரியதன்று எனத் தானே முடிவு கட்டி விடுகிறாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கும் பேருந்தில், அரைகுறைப் படிப்போடு கூலி வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர்களுக்கென வைக்கப்பட்ட கதவு ஒன்று உண்டு. அதை வைத்தவர் யார், எப்பாடுபட்டு வைத்தார் என்பதையே இங்குக் கூறப் புகுகின்றேன்.

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், படைவீரர் குடியிருப்பு ஊராகிய மஹூவில், மகர் குலத்தில் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். தந்தை இராம்ஜி சுபேதார் பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தாயார் பீமாபாயைச் சிறு வயதிலேயே இழந்தார். சாத்தாராவில் பள்ளிக்குச் சென்ற காலத்தில், உட்காருவதற்குக் கோணிப் பையை வீட்டிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து உயரத்திலிருந்து நீர் ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். சமஸ்கிருதம் படிக்க விரும்பிய சிறுவனுக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார்.

பின்னர் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. அதுவே சமையற்கட்டு, அதுவே படுக்கை, அதுவே படிப்பறை. மகன் முன்னிரவில் உறங்குவான். தந்தை பின்னிரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பி விட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுப்பார். மகன் கேட்ட நூலை வாங்க, மணமான மகளிடம் சென்று அவள் நகையை வாங்கி அடகு வைத்த தந்தை அவர். 1907-இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறியபோது பாராட்டுக் கூட்டம் நடந்தது. அக்கூட்டத்தில் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்த கேளுஸ்கர் என்னும் ஆசிரியரே, பின்னர் இன்டர்மீடியட்டுக்கு மேல் படிக்கப் பணமின்றி மாணவன் தவித்த வேளையில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அழைத்துச் சென்றவர். மன்னர் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தார். அந்தத் தொகையைக் கொண்டே 1912-இல் பி.ஏ. பட்டம் கைகூடியது.

அடுத்த ஆண்டு தந்தை மறைந்தார். அதே 1913-இல் பரோடா அரசு அமெரிக்காவிற்கு மாணவர்களை அனுப்ப முன்வந்தது. மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகள் உதவித்தொகை. படித்துத் திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவித்தொகை என்றதும் யாரோ இடும் பிச்சை என்று கூசுகின்ற நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அது கணக்கும் காலக்கெடுவும் கொண்டதொரு ஒப்பந்தம். பெறுபவர்க்கும் கடமை உண்டு, தருபவர்க்கும் கடமை உண்டு. தம் பங்கை அவர் நிறைவேற்றினார். 1915-இல் எம்.ஏ. முடித்தார், 1916-இல் ஆய்வேட்டையும் அளித்துவிட்டு இலண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டப் பயிற்சிக் கழகத்திலும் ஒருசேரச் சேர்ந்தார்.

ஓராண்டுக்குள் இடி விழுந்தது. உதவித்தொகைக் காலம் முடிந்தது என்று பரோடா திவான் திரும்ப அழைத்தார். இலண்டன் படிப்பு பாதியில் நின்றது. இவ்விடத்தில் அவர் செய்த ஒரு காரியம், பெரிய போராட்டங்களின் நடுவே எவர் கண்ணிலும் படாமல் போவது. நம் நோக்கத்திற்கோ அதுவே முதன்மையானது. விட்டுச் செல்லும் படிப்பை நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்து மூலமாகப் பெற்றுக்கொண்டே கப்பலேறினார். படித்த அளவு வீணாகாது. நின்ற இடத்திலிருந்து தொடரலாம் என்பதற்கான சீட்டு அது. வறுமையினால் படிப்பு அறுந்து போவது நம் குடும்பங்களில் நித்திய நிகழ்ச்சி. அறுந்த நூலை மீண்டும் முடிவதற்கு ஒரு விதி இருக்குமானால் பாதித் துன்பம் தீரும்.

கொலம்பியாவில் தேடித் தேடி வாங்கிய நூல்களைத் தனிக் கப்பலில் அனுப்பியிருந்தார். முதல் உலகப் போர்க்காலம்; அக்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் பணி ஏற்கச் சென்றவருக்கு எந்த விடுதியிலும் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளைக் கையில் தராமல் தூர நின்று மேசைமீது எறிந்தனர். உலகின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் கற்றுவந்தவர் மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்ட நாள் அது. பத்தாண்டுப் பணி என்னும் ஒப்பந்தம் முறிந்ததற்கு அவரைக் குற்றம் சொல்வார் எவருமிலர். தலைசாய்க்க ஒரு கூரை தர முடியாத ஊரே அதை முறித்தது.

1918-இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையைத் தொடலாகாது என்று சிலர் தடுத்தனர். சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பத்தேனா கடன் தந்தார். 1920-இல், நான்காண்டுக் கெடு முடிவதற்குள், மீண்டும் இலண்டன் சேர்ந்தார். காலையில் ஒரு துண்டு ரொட்டி, நூலகம் மூடும்வரை படிப்பு என்று கழிந்த நாட்கள் அவை. இங்கே அவர் துணைவியார் இரமாபாய் வரட்டி தட்டிக் குடும்பம் நடத்தினார். அவர்கள் பெற்ற ஐந்து குழந்தைகளுள் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். இந்த விலையையும் சேர்த்துத்தான் அப்பட்டங்களைக் கணக்கிட வேண்டும். 1921-இல் எம்.எஸ்ஸி., அடுத்துப் பாரிஸ்டர், 1923-இல் டி.எஸ்ஸி. என அறுந்த படிப்பு முழுமை பெற்றது.

அதன்பின் நிகழ்ந்தவற்றுள் மகாட் குளம், காலாராம் கோயில், வட்டமேசை மாநாடு ஆகியவை நம் மேடைகளில் ஆண்டுதோறும் பேசப்படுபவை, இங்கு விரிக்கவில்லை. தொழிற்கல்வியின் பக்கம் அவர் பார்வை சென்ற வழியை மட்டும் பின்தொடர்வோம்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நம்மவர் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். ஆனால் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவன் வாய்பட்ட நாடாவைத் தாம் தொட மாட்டோம் என்று மற்றத் தொழிலாளர் கூறினர். 1928-ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை அம்பேத்கர் வெளிப்படையாகக் கேள்விக்குள்ளாக்கினார். இரயில்வேயிலும் அதே கதை. 1938-இல் மன்மாடில் கூடிய இரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அவர் எடுத்துக் காட்டியபடி, நம்மவர் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்களாகவே வாழ்ந்து கேங்மேன்களாகவே ஓய்ந்தனர். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கு உதவ மாட்டார்கள் என்பதால் போர்ட்டர் வேலையும் கிட்டவில்லை.

சிலர் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு. குலத்தொழிலை எதிர்த்த பெரியவர், நம் பிள்ளைகளைக் கைத்தொழிலுக்கு அனுப்பச் சொல்வாரா என்பது அவ்வையம். மேற்சொன்ன நாடாவின் கதையே விடை. சாதி, வேலைகளைப் பிரித்ததோடு நில்லாமல் வேலை செய்வோரையே அடுக்கடுக்காகப் பிரித்துப் பூட்டி வைத்தது என்பது அவர் 1936-இல் விரிவாக எழுதிய கருத்து. பிறப்பால் தலையில் விழுந்த தொழில் வேறு. இயந்திரத்தின் முன் நின்று, கணிதமும் வரைபடமும் கற்று, தானே தேர்ந்து கொள்ளும் தொழில் வேறு. பட்டறைக் கதவு நமக்குத் திறந்திருந்து நாம் போகாமல் இருந்தோமில்லை. அது பூட்டப்பட்டிருந்தது.

அந்தப் பூட்டை அதிகாரப் பூர்வமாகத் திறக்கும் முயற்சி 1928-இல் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் தொடங்கியது. தாழ்த்தப்பட்டோர் நிலையையும் பழங்குடியினர் நிலையையும் ஒருசேர ஆராய அமைந்த குழு அது. அம்பேத்கர் அதில் உறுப்பினர். 1930-இல் அளித்த அறிக்கையில் அக்குழு, மாணவர் உதவித்தொகைகளைப் பெருக்குதல், விடுதிகள் அமைத்தல் ஆகியவற்றோடு, ஆலைகளிலும் இரயில்வே பட்டறைகளிலும் தொழில் பழகுவோர்க்கு உதவித்தொகை, வெளிநாட்டில் பொறியியல் கற்போர்க்கு உதவித்தொகை ஆகியவற்றையும் பரிந்துரைத்தது. மலையாளிப் பழங்குடி மக்களின் நடுவே வாழும் நமக்கு இக்குழுவின் பெயர் நினைவில் நிற்க வேண்டும். இரு மக்களின் குறையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டது அங்கேதான்.

1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைத் தொகுதிக் கணக்காக மட்டுமே நாம் நினைக்கிறோம். நம் தமிழ்நாட்டு இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. இராஜாவும் கையெழுத்திட்ட அதன் கடைசிப் பிரிவு, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதிய தொகையைத் தாழ்த்தப்பட்டோர் கல்விக்கென ஒதுக்க வேண்டும் என்று கூறுகிறது. இரட்டை வாக்குரிமையை இழந்த இடத்தில் கிடைத்த ஒரு வரி அது. இழந்ததற்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம். ஆயினும் பிற்காலத்தில் பற்றிக்கொள்ள ஒரு கொம்பாயிற்று.

இனி, நம் கதையின் நடுப்பகுதி. 1942 ஜூலையில் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா உறுப்பினரானார். மூன்று மாதங்களில், அக்டோபர் 29-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோவிடம் பட்டியல் வகுப்பினரின் குறைகள் பற்றி நீண்டதொரு மனுவை அளித்தார். கலை, சட்டப் படிப்பு மட்டும் நம் மக்களை உயர்த்தி விடாது. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் வேண்டும். ஆனால் அப்படிப்பின் செலவை நம் பெற்றோர் தாங்க மாட்டார். ஆகவே அரசு தாங்க வேண்டும் என்பது அவர் வாதம். அலிகார், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு மானியம் வழங்கி வந்ததையும் சுட்டிக் காட்டினார். கேட்டவை யாவை? விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பயில்வோர்க்கு ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய். வெளிநாடு சென்று கற்போர்க்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய். இவற்றோடு, அரசாங்க அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களை அப்ரண்டிஸ்களாகச் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது. இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர், கல்லூரியையும் பட்டறையையும் ஒரே மனுவில் அடுத்தடுத்து வைத்தார். ஒன்றை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் பிரிக்கவில்லை.

மனு வீண்போகவில்லை. 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் எட்டும் மூன்றில் ஒரு பங்கும் விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வீதம் உதவித்தொகைக்கென நிதி கிடைத்தது. 1944-45-இல் தொடங்கிய அத்திட்டமே, மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை என்று இன்றும் நம் பிள்ளைகள் பெற்று வருவது. 1948-49-இல் அது பழங்குடி மாணவர்க்கும் விரிந்தது. நம் மலையிலே ஒரே பள்ளியில் படித்துச் செல்லும் பட்டியல் சாதி மாணவனும் மலையாளி மாணவனும் பெறும் தொகைக்கு ஊற்றுக்கண் ஒன்றே.

தொழிலாளர் இலாகாவில் அவர் இருந்த நான்காண்டுகள் போர்க்காலம். தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம், தேர்ந்த தொழிலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பிய பெவின் பயிற்சித் திட்டம் ஆகியவை அவ்விலாகாவின் பொறுப்பில் நடந்தன. 1945-இல் வேலைவாய்ப்புக்கெனத் தனி இயக்குநரகம் அதே இலாகாவின்கீழ் ஏற்பட்டது. அதன் வழியாகவே 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தோன்றிற்று, நாம் ஐ.டி.ஐ. என்று சொல்லும் நிலையங்கள் அத்திட்டத்தின் பிள்ளைகள். 1961-இல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்தில், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சியிடம் ஒதுக்கும் பிரிவு 1973-இல்தான் சேர்ந்தது. மனு எழுதிய கை ஓய்ந்து பதினேழு ஆண்டுகள் ஆன பின்னரே அக்கோரிக்கை சட்டமாயிற்று.

1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. பகலில் வேலைக்குச் செல்லும் ஏழை மாணவர் படிக்க வேண்டும் என்பதற்காக அங்கு வகுப்புகள் காலையிலேயே நடத்தப்பட்டன. வேலையா படிப்பா என்று ஒருவனை இழுபறியில் நிறுத்தாமல், இரண்டுக்கும் நேரம் வகுத்துக் கொடுத்த ஏற்பாடு அது. 1950-இல் ஔரங்காபாத்திலும் ஒரு கல்லூரி எழுந்தது.

அரசியல் சட்டத்தில் 46-ஆம் பிரிவு நலிந்த பிரிவினரின் கல்வி நலனை அரசின் கடமையாக்கியது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை, மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்கள் பற்றிய வழக்குகளில், உச்சநீதிமன்றம் 1951-இல் செல்லாதென்றபோது, அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. சட்ட அமைச்சராக அத்திருத்தத்திற்காக வாதிட்டவர் அம்பேத்கர். பொறியியல் இடம் பெறும் நம் பிள்ளை ஒவ்வொருவரும் அப்பிரிவின் நிழலில்தான் உள்ளே நுழைகின்றனர். 1956 அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல், டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் உறக்கத்திலேயே மறைந்தார்.

அவர் இலண்டனில் பெற்ற நான்காண்டு அனுமதியைப் போன்றதொன்று இன்று நம் தொழிற்பிரிவு மாணவர்க்கு உண்டா எனில், உண்டு. தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி 1978-இல் தொடங்கியபோதே தொழிற்பிரிவும் தொடங்கிற்று. அப்பிரிவில் தேறியவர்க்குப் பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. தொழிற்பிரிவு மாணவரும் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; முன்பு படித்த படிப்பு ஓராண்டாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப்பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழித் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெற்றுக் கலைக் கல்லூரிக்கும் செல்லலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் ஏழரை விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே, கைத்தொழிலுக்குப் போனவன் படிப்பு முடிந்துவிட்டது என்னும் பேச்சு உண்மைக்கு மாறானது.

குறைகளும் உண்டு; மறைப்பதற்கில்லை. இவ்வரிகளை எழுதுபவனுக்குத் தொழிற்பயிற்சிக் காலத்தில் சேர வேண்டிய உதவித்தொகை இறுதித் தேர்வு முடிந்த பின்னரே வந்தது. அதுவரை விடுதிச் சாப்பாட்டுப் பாக்கிக்காகத் தாயார் மிளகு விற்ற பணத்தை மலையிலிருந்து கொடுத்தனுப்பினார். வகுப்பில் சேர்ந்த நால்வருள் இருவர் அந்தக் காத்திருப்பிலேயே படிப்பை விட்டனர். விட்டவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர்; என்னிலும் நன்றாக அரம் பிடித்தவர்கள். தொகை இருக்கிறது என்பது வேறு, உரிய மாதத்தில் கைக்கு வருகிறது என்பது வேறு. இலண்டனில் பாதிப் படிப்போடு கப்பலேறியவர்க்கு இவ்வேறுபாடு நன்கு தெரிந்திருக்கும்.

இத்தகைய தாமதங்களில் ஒரு பகுதி, சான்றுகள் குறைவதாலும் விண்ணப்பம் பிழைபடுவதாலும் நேர்வது. மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி என எல்லா நிலைக்கும் உரியது. மத்திய அரசு விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு 2022 முதலும், மாணவர்க்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் மாநிலத் திட்டங்கள் இதனின்றும் தனியானவை. அவற்றிற்கும் விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் எண் இணைந்த வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் நம் கழகப் படிப்பகத்திற்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வரும் மாணவர்க்கு, விண்ணப்பங்களை உறுப்பினர்கள் கூட இருந்து நிரப்பித் தருகின்றனர். வருமானச் சான்றிதழ் கிடைக்க நாட்கள் ஆகும். ஆதலின் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் ஏப்ரல் மாதத்திலேயே அதற்கு எழுதி வைத்தல் நன்று.